ஈரம் காயாத காலுறைகள்

"செத்துப்போனவங்க எப்படி, தங்கம், மேசோட்டை அழுக்காக்குவாங்க?"

சைக்கிளைச் சுவரில் சாய்த்தபடி சின்னையா தன் தங்கையிடம் இப்படிக் கேட்ட இடத்தில்தான் போன வாரம் நிறுத்தினோம். தங்கமணி இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறாள். கையில் சிரட்டைக் கரி கனன்றுகொண்டிருக்கும் இஸ்திரிப் பெட்டி. மேசைமேல் ரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவரின் வெள்ளைக் கோட்டு. பெட்டியை நகர்த்த மறந்துவிட்டாள் போலிருக்கிறது, கோட்டின் முதுகில் மஞ்சளாக ஒரு விளிம்பு விழுந்துவிட்டது.

"பெட்டிய எடு, தீயுது பாரு!" என்று கத்தினான் சின்னையா. எடுத்தாள்.

"யார் சொன்னா உனக்கு?"

"குன்று மேல இருக்கற தொர பங்களாத் தோட்டக்காரன்தான். தொரசானி செத்துப் பல மாசம் ஆச்சாம். நாம பின்வாசல்ல கட்டி வெச்ச மூட்டைய எடுத்துக்கிட்டு வரோம், நமக்கெங்க தெரியும்? ஆனா வாராவாரம் மூட்டையில அந்த அம்மாவோட மேசோடு வருதே. போட்டுக் கழட்டுன மேசோடு. அதுதான் எனக்குப் புரியல."

தங்கமணிக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் ஆற்றோரமாக இருந்த டோபி வீடுகளுக்குத் தெரியாமல் ஊரில் எந்த ரகசியமும் இருந்ததில்லை. யார் குடிக்கிறார்கள், யார் வீட்டில் குழந்தை தங்கவில்லை, எந்தக் கணவன் தனியாகப் படுக்கிறான் என்பதெல்லாம் அழுக்குத் துணி சொல்லிவிடும். மேசோடு என்று அவர்கள் சொல்லும் அந்தக் காலுறைகளின் குதிகால் வளைந்திருக்கும். முட்டிக்குக் கீழே வியர்வை உப்புப் பூத்திருக்கும். பெட்டியில் கிடந்த துணிக்கு உப்புப் பூக்காது.

அவள் வாயைத் திறக்காததற்கு வேறு காரணமும் உண்டு. தோல் நிறத்தில், ரப்பர் இழை கலந்து தடிமனாக நெய்த அந்தக் காலுறைகள் இந்த நிமிஷம் அவள் புடவைக்குள், அவள் கால்களில்தான் இருந்தன.

தாவணி போட்ட நாளிலிருந்து இந்த மேசையடியில் நிற்கிறாள் தங்கமணி. முதலில் இடது முட்டியின் பின்னால் பச்சை நூல் ஒன்று தெரிந்தது. பிறகு அது நீலமாகித் தடித்தது, கெண்டைக்காலில் புடைத்து முடிச்சு முடிச்சாக இறங்கி, கணுக்கால் வரை வந்து, வலது காலுக்கும் தாவியது. நரம்பு சுருட்டல் என்றாள் அம்மா. ஆனால் பொதுக் குழாயடியில் ஒரு பெண் சொன்னது வேறு: "என்னடி இது, காலுல பாம்பு சுத்திப் படுத்திருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். தங்கமணியும் சிரித்தாள். அதற்குப் பிறகு ஊர் எழும் முன்பே குளித்து முடித்துவிடுவாள். புடவைக் கரை தரையைக் கூட்டும்படி கட்டுவாள். கோயிலில் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து பூத்தொடுக்கும்போது, இவள் மட்டும் மரத்துப்போகும் வரை காலை மடக்கியே உட்கார்ந்திருப்பாள்.

அந்தக் காலுறைகளைக் கல்லில் அடிக்கக்கூடாது, வெள்ளாவியில் வைக்கக்கூடாது, வெயிலில் போடக்கூடாது. அதனால் அம்மா அதை மட்டும் இவளிடம் கொடுத்துக் கையால் அலசச் சொல்வாள். ஒருநாள் ஆசை யாரை விட்டது? மாட்டிப் பார்த்தாள். யாரோ இரண்டு கையாலும் காலைப் பிடித்துவிட்டது போல இருந்தது. அன்று முழுக்க வலிக்கவே இல்லை. கீழே குனிந்து பார்த்தால் மற்றப் பெண்களின் கால்கள். அவள் அழுதேவிட்டாள். அந்த வார மூட்டையில் காலுறையைத் திருப்பி வைக்கவில்லை. "இன்னும் ஈரம் காயல" என்று சின்னையாவிடம் சொல்லிவிட்டாள்.

இன்று கிள்ளானிலிருந்து வள்ளியம்மா வருகிறாள். தங்கமணிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை தம்புசாமிக்கு மூத்த அக்காள். கிள்ளானில் தம்புசாமிக்குச் சொந்தமாக டோபிக் கடை இருக்கிறது. பரிசம் போடும் முன் மாப்பிள்ளையின் அக்காள் தனியாக வந்து, பெண்ணின் காலில் முட்டி வரை மஞ்சள் பூசித் தன் கையாலேயே கொலுசு போட்டுவிடுவது அவர்கள் வழக்கம். முட்டி வரை! இரண்டு வாரமாகத் தங்கமணிக்குச் சோறு இறங்காததற்கு அதுதான் காரணம். கடைசியில் மாதவிலக்கு என்று ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தாள். 'நான் தூரம், தொடக்கூடாது' என்று சொல்லிவிடுவது. சொன்னால் இன்றைக்குத் தப்பலாம்.

சமையற்கட்டிலிருந்து வந்த இராஜம்மா மகன் சொன்னதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா செத்தவங்க துணியா வீட்டுக்குள்ள வெச்சிருக்கோம்? அந்த மாதிரித் துணிய உங்கப்பா வாசப்படி ஏத்த மாட்டாரே, நேரா ஆத்துக்குக் கொண்டு போயிருவாரே! எங்கடி அந்த மேசோடு?"

"மூட்டையில கட்டிட்டேன்" என்றாள் தங்கமணி. புடவைக் கரையை இன்னும் கீழே இழுத்துவிட்டாள்.

"சின்னையா, நீ கொண்டு போ."

"நான் ஸ்டேஷனுக்குப் போவணும்மா. கிள்ளான் ரயிலு வந்துரும்."

"நானே போய்க் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று முந்திக்கொண்டாள் தங்கமணி. வழியில் எங்காவது கழற்றி மூட்டைக்குள் வைத்துவிட வேண்டும். அதைவிட, தான் யாருடைய காலுக்குள் காலை விட்டிருக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

இராஜம்மா யோசித்தாள். மணமாகப்போகும் பெண்ணைச் சாவு வீட்டுக்கு அனுப்புவதா? அந்தத் துணியை வீட்டில் வைத்துக்கொண்டு மஞ்சள் பூசுவதா?

"வாசல்லயே வெச்சிட்டு ஓடி வந்துரணும். உள்ள காலடி எடுத்து வைக்காத."

தண்டவாளத்தைத் தாண்டிக் குன்றுச் சாலையில் ஏறும்போதே வானம் இருட்டியது. பட்டப்பகல்தான், ஆனால் இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள் இலைகளைக் கூப்பிக்கொண்டுவிட்டன. ஒரு மரத்தடியில் ஒதுங்கிப் புடவையைத் தூக்கிக் காலுறையின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் மழை வந்துவிட்டது.

காலுறை வரவில்லை. நனைந்த ரப்பர் இழை தோலோடு தோலாகக் கவ்வியிருந்தது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. கழற்ற விடாமல் உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பதாக ஓர் எண்ணம் வந்தது. வந்த பிறகு அந்த எண்ணத்தைத் துரத்த முடியவில்லை. மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு பங்களாவுக்கு ஓடினாள்.

பின்வாசல் பூட்டியிருந்தது. "ஆயாம்மா!" என்று கூப்பிட்டாள். மழைச் சத்தம்தான் பதில் சொன்னது. சுற்றிக்கொண்டு முன்வராண்டாவுக்கு வந்தாள். நீளமான வராண்டா. அறைப் பக்கம் முழுக்க மூங்கில் பாய் தொங்கியது, தரைக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. மூட்டையைப் படியில் வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

மெழுகிய சிவப்புத் தரையில் ஈரக் காலடிகள் போயிருந்தன. குதிகால் பதிந்திருந்தது, பாதம் பதிந்திருந்தது. விரல்கள் இல்லை.

தங்கமணி இன்னும் படியேறவில்லை. தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். காலுறைக்குள் இருந்த அவள் பாதங்களுக்கும் விரல் தெரியவில்லை. ஓடியிருக்க வேண்டும். ஆனால் முதல் படியில் ஒரு கால் ஏறிவிட்டது, இன்னொன்றும் தானாக ஏறியது.

பாய்க்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று முனகியது.

"எல்சி?"

கிழட்டு ஆண் குரல். வெள்ளைக்காரக் குரல். கூப்பிட்ட விதத்தில் அதட்டல் இல்லை. நெடுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் குரல் அது.

அப்போது உள்கதவு சத்தமில்லாமல் திறந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் நின்றாள், கண்கள் காய்ச்சலில் சிவந்து, வெறுங்காலோடு. பங்களாவின் ஆயா நேசம்மா. அவள் பார்வை தங்கமணியின் முகத்துக்கு வரவில்லை, நேராகக் காலுக்குப் போய்விட்டது. திட்டப்போகிறாள், திருடி என்று கத்தப்போகிறாள் என்று தங்கமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

நேசம்மா உதட்டில் விரல் வைத்தாள்.

"நட" என்றாள் காற்றுக் குரலில். "மெதுவா. அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வா."

நடந்தாள். ஏன் நடந்தாள் என்று பின்னால் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். பாய்க்குக் கீழே தெரிந்தவை அவள் கால்கள் மட்டும்தான். பாய்க்குப் பின்னால் அந்தக் குரல் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. அவளுக்கு அந்தப் பெயர் ஒன்றுதான் விளங்கியது. பிறகு அந்த மனிதர் அழுதார், குழந்தை போல, வெட்கமில்லாமல். யாரும் பார்க்கக்கூடாது என்று வருஷக்கணக்கில் ஒளித்து வைத்த கால்களைப் பார்த்து ஒருவர் அழுகிறார்! அவள் கோடி வரை போய்த் திரும்பி வந்தாள்.

சமையலறையில் நேசம்மா வெந்நீர் ஊற்றி, காலுறைகளை மேலிருந்து மெல்லச் சுருட்டி இறக்கினாள். கைதேர்ந்த கை. வெறுங்கால் வெளியே வந்ததும் தங்கமணி வழக்கப்படி புடவையை இழுத்து மூடினாள்.

"எதுக்கு மூடற? எனக்குப் புதுசா என்ன? அம்மாவுக்கும் இதே மாதிரிதான். இதவிட மோசம்."

"தொரசானிக்கா?"

"பின்ன எதுக்கு இந்த மேசோடு? சீமையிலேருந்து வரவழைச்சது. சாயங்காலமானா துவான், நம்ம தொர, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில வெச்சுக்குவாரு. எண்ணெய நான் கொண்டாந்து குடுக்கலாம், தொட வுடமாட்டாரு. அவரே தடவி வுடுவாரு. ஒருநா தவறுனதில்ல."

தங்கமணி தன் கால்களைப் பார்த்தாள். முதல்முறையாக உடனே பார்வையைத் திருப்பாமல் பார்த்தாள். ஒரு துரை, ஊரே சலாம் போடும் துரை, இப்படி ஒரு காலை மடியில் வைத்துக்கொண்டாரா? நம்ப முடியவில்லை, நம்ப ஆசையாக இருந்தது.

"இப்ப அவருக்குக் கண்ணு மங்கிப்போச்சு" என்றாள் நேசம்மா. "பாய்க்கு அடியில போற காலு மட்டும் நெழலாத் தெரியும். அம்மா போன பொறகு ஒரு மழைநாளு, குளிருதேன்னு இத மாட்டிக்கிட்டு வராண்டாவுல நடந்தேன். அம்மா பேரச் சொல்லி எல்சின்னாரு. நான் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அன்னையிலேருந்து தினம் சாயங்காலம் நடக்கறேன். பாவமோ புண்ணியமோ, கர்த்தருக்குத்தான் தெரியும்."

"இந்த வாரம்?"

"நீதான் திருப்பித் தரலையே. இன்னொரு ஜோடி கிழிஞ்சே போச்சு. எனக்கும் காய்ச்சலு. வாரம் பூரா நான் அந்தப் பக்கமே போவல. அவரு சாப்பிடறதையே வுட்டுட்டாரு."

தங்கமணிக்குக் குற்றவுணர்ச்சியில் முகம் சுண்டியது. ஆனால் உடனே வேறொன்று உறைத்தது.

"அப்ப நான் வர்றதுக்கு முன்னால வராண்டாவுல நடந்தது யாரு? ஈரக் காலு இருந்துச்சே."

"உன்னோடதா இருக்கும்."

"நான் படியே ஏறலக்கா."

நேசம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ஈரக் காலுறைகளைப் பிழிந்து அடுப்பருகே கொடியில் போட்டாள். அவை காற்றில்லாமலேயே லேசாக ஆடின.

"வீட்டுக்குப் போ புள்ள" என்றாள். "திரும்பிப் பாக்காமப் போ."

மழை விட்டிருந்தது. சாலையெல்லாம் செம்மண் சேறு. புடவையைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கினாள். அவள் கால் குட்டையில் பட்டுத் தண்ணீர் சளப்பென்றது. சற்றுப் பிந்தி, பின்னால் இன்னொரு சளப். நின்றாள். அதுவும் நின்றது. நேசம்மா சொன்னதை மறந்து திரும்பிப் பார்த்தாள். மரங்களிலிருந்து சொட்டும் நீரைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

தண்டவாளத்தருகே வந்தபோதுதான் கவனித்தாள். கெண்டைக்கால் தெரியப் புடவையைத் தூக்கிப் பிடித்தபடியே ஊருக்குள் நடந்து வந்திருக்கிறாள். பாசார் சந்தையிலிருந்து திரும்பிய இரண்டு பேர் கடந்து போனார்கள். அவர்கள் காலைப் பார்த்தார்களா என்று தெரியாது, இவள் பயமெல்லாம் பின்னால் வரும் காலடியைப் பற்றித்தான் இருந்தது.

வாசலில் இராஜம்மா காத்திருந்தாள். "வந்து ரொம்ப நேரமாச்சுடி அவங்க!" என்று பற்களைக் கடித்தாள். தட்டி மறைப்பில் தள்ளிப் புதுப் புடவையைக் கொடுத்து, தலையில் மஞ்சள் நீர் தெளித்து, சேறு போகக் காலில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி உள்ளே அனுப்பினாள். தங்கமணி ஈரக்காலோடு போய் மணையில் உட்கார்ந்தாள்.

வள்ளியம்மா பெரிய உடம்பும் சின்னக் கண்ணுமாக எதிரே பாயில் அமர்ந்திருந்தாள். பக்கத்தில் மஞ்சள் கிண்ணம். வெற்றிலைமேல் வெள்ளிக் கொலுசு.

"எங்க போயிருந்தே?"

"துணி குடுக்கப் போயிருந்தேங்க அண்ணி."

"சரி, கால நீட்டு."

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. 'நான் தூரம்.' இரண்டே வார்த்தைதான். சொல்லிவிட்டால் புடவை இறங்கியபடியே இருக்கும். மடியில் தூக்கி வைத்துக்கொண்டாராமே அந்தத் துரை என்று நினைத்தாள். காலை நீட்டினாள். புடவையை முட்டி வரை தானே உயர்த்தினாள்.

மஞ்சள் தோய்ந்த கை பாதியில் நின்றது. இராஜம்மா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இது என்ன?"

"நரம்பு சுருட்டல். நின்னு நின்னு வந்தது. ரெண்டு காலுலயும் இருக்கு. நல்லாப் பாத்துக்குங்க."

கால் நகரவில்லை. வள்ளியம்மா குனிந்து பார்த்தாள். துணியில் கறை தேடுகிற பார்வை.

"கடையில நின்னு இஸ்திரி போடத்தான் என் தம்பிக்குப் பொண்ணு தேடறோம். ஒளிச்சுப் பேச என்ன இருக்கு? இந்தக் காலு நிக்குமா?"

"நின்னதாலதாங்க இப்படி ஆச்சு. மேசையத் தாழ்த்திப் போட்டா ஒக்காந்தும் போடலாம். துணிக்குத் தெரியவா போவுது?"

வள்ளியம்மா மறுபடி கிண்ணத்தைத் தொட்டாள். மஞ்சளைப் பூசினாள். முடிச்சுகளின்மேல் கை வந்தபோது அழுத்தவில்லை, ஒதுங்கவும் இல்லை. பிறகு கொலுசை எடுத்துப் பார்த்தாள். வீங்கிய கணுக்காலில் திருகாணி எட்டவில்லை. இன்னொரு முறை முயன்றாள். அப்புறம் கழற்றித் தங்கமணியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"தம்பிகிட்ட எல்லாத்தையும் சொல்லுவேன். இருக்கறது இருக்கற மாதிரியே சொல்லுவேன். அவன் வேணும்னா கொலுச நீட்டித் தட்டச் சொல்லலாம். வேணாம்னா கொடுத்தனுப்பிடு."

இராஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கமணி தலையாட்டினாள். கழுத்துவரை இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. என்ன பதில் வந்தாலும் ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லை.

கை கழுவத் திரும்பிய வள்ளியம்மா வாசல் பக்கம் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள்.

"உள்ள வரும்போது காலுல என்ன போட்டிருந்தே?"

"ஒண்ணும் போடலீங்களே. வெறுங்காலு."

"கூட யாரு வந்தது?"

"யாரும் வரலீங்க."

வள்ளியம்மா விரலை நீட்டினாள். சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து மணை வரை தங்கமணியின் ஈரக் காலடிகள், ஐந்து விரலும் பதிந்து. அவற்றுக்குப் பக்கத்திலேயே, அதே நடையில், இன்னொரு வரிசை. குதிகால் இருந்தது, பாதம் இருந்தது, விரல்கள் இல்லை. மணையருகே வந்து அது நின்றிருந்தது. திரும்பிப் போன தடம் எங்கும் காணோம்.

இராஜம்மா "முருகா!" என்றாள். வள்ளியம்மா மஞ்சள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தங்கமணிக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கால்கள் எவ்வளவு வலித்திருக்கும் என்பது அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். கொலுசைக் கையில் இறுக்கிக்கொண்டு, மணையில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.